எந்த ஊர்ப் பழக்கம்?

எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வேலை உண்டு. தாய்மாமன் வீட்டுக் கோடி வந்து சேராமல் தேர் நகராது. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். நீர்மாலைக்கு யார் யார் போவது, கொள்ளிக்குடம் யார் தூக்குவது, பங்காளிகளில் எவரெவர் மொட்டை போடுவது என்று எதையும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. அழுவதற்கும் முறை இருக்கிறது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்து அழுவார்கள். ஆண்கள் வாசல் பந்தலில் வரிசையாக இருப்பார்கள். கேதம் கேட்க வருகிறவர் இரண்டு கைகளையும் நீட்டுவார், அவர்கள் தொட்டுக்கொள்வார்கள். ஒரு வார்த்தை பேச வேண்டாம். அந்தத் தொடுதலிலேயே கேட்டதும் ஆயிற்று, சொன்னதும் ஆயிற்று.

இவ்வளவு ஒழுங்காகத் துக்கத்தைப் பங்கு வைக்கிற ஊரில் முகம் பாராத சிநேகிதனுக்கு ஒரு பங்கு கிடையாது. ஊரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு அப்படி இருந்த ஒரு சிநேகிதர் போன செய்தி வந்த நாளில் கையை எங்கே நீட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்தக் குறிப்பேட்டைத் திறந்தேன்.

*

அவரை எனக்கு விக்கிமூலத்தில் பழக்கம். அதை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பார்கள். வலப்பக்கம் அந்தப் படம் இருக்கும். இடப்பக்கம், கணினி அந்தப் படத்தைப் பார்த்துத் தானாகப் படித்த எழுத்து இருக்கும். கணினி தப்பும் தவறுமாகத்தான் படிக்கும். ஒருவர் உட்கார்ந்து வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்திச் சேமித்தால் அதுவரை சிவப்பாக இருந்த பக்கம் மஞ்சளாகும். அதற்குப் பெயர் மெய்ப்பு பார்ப்பது. பிறகு இன்னொருவர் வந்து அதே பக்கத்தை மறுபடியும் ஒப்பிட்டுச் சரி என்று ஒப்புக்கொண்டால் மஞ்சள் பச்சையாகும்.

மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க முடியாது. மென்பொருள் அனுமதிக்காது. எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் இன்னொருவருடைய கண் வேண்டும்.

எங்கள் நட்பு அந்த விதியிலிருந்து தொடங்கியது. அவர் மஞ்சளாக்கிய பக்கங்களை நான் பச்சையாக்கினேன். நான் மஞ்சளாக்கியவற்றை அவர் பச்சையாக்கினார். யாரும் எங்களை ஜோடி சேர்க்கவில்லை. நான் இரவில் முடித்து வைத்த பக்கங்கள் விடிவதற்குள் பச்சையாகியிருக்கும். நாலு மணிக்கெல்லாம் எழுந்துவிடுகிற மனிதர் என்று திருத்த வரலாற்றிலிருந்து தெரிந்துகொண்டேன்.

*

கணினி எங்கே தடுக்கும் என்பது இந்த வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். துணைக்காலையும் ரகரத்தையும் அது குழப்பும். ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடும். ‘காலம்’ ‘கரலம்’ ஆகிவிடும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் துதிக்கை போல மேலே வளைந்த ஐகாரத்தோடு இருக்கும். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் வேறு வடிவம். இவற்றைக் கண்டால் கணினி எதையாவது எழுதிவிட்டு நகர்ந்துவிடும். முன்னுரைப் பக்கங்களில் தமிழ் எண்கள் வந்தால் ‘௧’ என்பதைக் ‘க’ என்று எடுத்துக்கொள்ளும்.

இவை ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. அச்சிலேயே பிழை இருக்கும் இடங்களில்தான் அவர் நின்று யோசிப்பார். ஒரு பழைய கதை நூலில் ஆண் பாத்திரத்தைப் பற்றிய வாக்கியத்தில் ‘அவள்’ என்று இருந்தது. நான் அதை ‘அவன்’ என்று மாற்றலாமா என்று அந்தப் பக்கத்தின் பேச்சுப் பக்கத்தில் கேட்டிருந்தேன். அவர் எழுதிய பதில் இது: “எழுதினவர் தப்பில்லை தம்பி, கோத்தவன் கை தப்பு. ன் அறைக்குள் ஒரு ள் விழுந்து கிடந்திருக்கும். படத்தில் உள்ளபடியே விடுவோம், பக்கத்தில் குறிப்பு மட்டும் போடுங்கள்.”

அச்சாபீஸில் இருந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடித்து முடித்த பக்கத்தைக் கலைத்து எழுத்துகளை மறுபடியும் அந்தந்த அறையில் போடுவார்கள். அவசரத்தில் ஓர் எழுத்து அறை மாறி விழுந்தால் அடுத்த நூலில் வேறொருவர் வாக்கியத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பழக்கத்தில் அறிந்தவர், பெயர் தெரியாத ஓர் அச்சுக்கோப்பாளருக்காக ஐம்பது அறுபது வருடம் கழித்துப் பரிந்து பேசினார். அந்தப் பதிலைப் படித்த அன்று இவர் என் மனிதர் என்று மனத்துக்குப் பட்டுவிட்டது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அச்சுக்கோக்கும் ஸ்டிக்கில் எழுத்து இடவலம் மாறி இருக்கும். அதை நேர் எழுத்தைவிட வேகமாகப் படிப்பாராம். ஆப்செட்டும் டிடிபியும் வந்து அச்சுக்கோப்பு வேலை ஓய்ந்தபோது அவருக்கு வயது ஐம்பதை ஒட்டி. அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று அவர் எழுதியதில்லை. சிலவற்றை ஒருவர் எழுதாமல் விடும்போது, எதிரே இருப்பவர் கேட்காமல் விடுவது ஒரு மரியாதை. முகம் பார்த்துப் பழகுகிறவர்களிடம் இந்த மரியாதை குறைவாகவே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

*

அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஒருநாள் கணக்கு இல்லாத யாரோ இரண்டு வரி எழுதியிருந்தார்கள். “இது என் தாத்தாவின் கணக்கு. அவர் தவறிவிட்டார். அவர் கூட வேலை செய்தவர்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.” கீழே பதினாறாம் நாள் காரியத்தின் தேதியும் ஒரு செல்பேசி எண்ணும் இருந்தன.

பேரன் மூலம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் படமும் வந்தது. இரு மூலையிலும் குத்துவிளக்கு, மேலே பிறப்பும் இறப்பும், நடுவில் அவர். அவருடைய சொந்தப் பெயரை அப்போதுதான் படித்தேன். முகத்தையும் அப்போதுதான் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டை, வலப்புறம் சாய்ந்த வகிடு, தடித்த கண்ணாடி. யாரோ கல்யாண வீட்டில் எடுத்த படத்திலிருந்து வெட்டியிருக்க வேண்டும். தோளருகே இன்னொருவருடைய பட்டுக்கரை கொஞ்சம் தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிந்த முகமாகவும் இல்லை, அந்நிய முகமாகவும் இல்லை.

அந்த எண்ணுக்கு அழைத்தேன். மருமகள் எடுத்தார்.

“மாமாவுக்கு நீங்க எந்த ஊர்ப் பழக்கம்ண்ணே? அச்சாபீஸ்ல கூட இருந்தவுகளா?”

இல்லை என்றேன். கம்ப்யூட்டரில் சேர்ந்து புத்தகம் திருத்துவோம் என்றேன்.

“நேர்ல பாத்ததே இல்லையா?”

“இல்லைம்மா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவர் சொன்னார்: “காலையில எந்திரிச்ச உடனே அதுலதான் உக்காருவாக. காப்பி ஆறிப்போகும். தம்பி ஒருத்தர் முடிச்சு வச்சிருக்காரு, பாத்துக் குடுக்கணும்னு சொல்லுவாக. நாங்க ஏதோ வேலை போலன்னு நினைச்சோம். அந்தத் தம்பி நீங்கதானா?”

நான்தான் என்று சொல்வதற்கு எனக்குச் சற்று நேரமாயிற்று.

*

அந்த அழைப்புக்குப் பிறகு இன்னொரு வீடு நினைவுக்கு வந்தது. நார்வே நாட்டில் மேட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர் இருந்தார். டூஷென் என்னும் தசைச் சிதைவு நோய். நடை போய், சக்கர நாற்காலி வந்து, கடைசியில் விரல்களில் மட்டும் கொஞ்சம் அசைவு மிஞ்சியது. 2014 நவம்பரில் 25 வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் பெரும்பகுதியை ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற கணினி விளையாட்டில் கழித்தவர். சிநேகிதம் இல்லாமல், காதல் இல்லாமல், யாருக்கும் ஒன்றும் செய்ய வாய்க்காமல் பிள்ளை போய்விட்டான் என்றுதான் பெற்றோர் நினைத்தார்கள்.

அவர் எழுதிவந்த இணையக் குறிப்புகளில் தந்தை ராபர்ட் மரணச் செய்தியைப் போட்டார். அதன்பின் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்தன. விளையாட்டுக்குள் ‘ஐபலின்’ என்ற பெயரில் நடமாடிய மேட்ஸ் யாருக்குத் தைரியம் சொன்னார், பேசாமலிருந்த எந்தத் தாயையும் மகனையும் பேச வைத்தார் என்றெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். சிலர் கிளம்பி இறுதிச் சடங்குக்கே வந்துவிட்டார்கள். பெஞ்சமின் ரீ இதை ஆவணப்படமாக எடுத்து 2024-இல் வெளியிட்டார்.

படம் பார்த்தவர்கள் பெரும்பாலும் மேட்ஸைப் பற்றியே பேசுகிறார்கள். என் மனம் அந்தப் பெற்றோரிடம் நிற்கிறது. பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு பாதி, பிள்ளை போன பிறகு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. இணையத்தில் பழகிய இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒருவர் எப்படிப் போனார் என்று தெரிய வேண்டும். வீட்டார் இருக்கும் அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவர் எப்படி இருந்தார் என்று தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் சந்தித்தால்தான் ஒரு மனிதர் முழுதாகிறார். அந்த மருமகள் எனக்கு ஆறிப்போன காப்பியைக் கொடுத்தார். நான் அவருக்கு ‘கோத்தவன் கை தப்பு’ என்ற வரியைக் கொடுத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிள்ளைகளையும் கேட்கச் சொன்னார்.

*

துக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா, சுற்றத்தார் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி 1989-இல் ஒரு நூலே கொண்டுவந்தார். அழ உரிமையில்லாதவர்கள் இரண்டு முறை இழக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. முதலில் ஆளை, பிறகு ஆறுதலை. அலுவலகத்தில் “யார் தவறிட்டாங்க?” என்று கேட்டபோது “தெரிஞ்சவர்” என்றேன். வேறு எந்த உறவையும் சொல்ல முடியவில்லை. அன்று பிற்பகல் இரண்டு மணிக் கூட்டத்தில் வழக்கம்போல் கலந்துகொண்டேன்.

*

கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் பற்றி நண்பர்கள் எனக்கு நினைவுபடுத்தினார்கள். உறையூர் மன்னனும் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊர்ப் புலவரும் ஒருவரையொருவர் பாராமலே நட்பானவர்கள். யாராவது பெயர் கேட்டால் ஆந்தையார் சோழன் பெயரையே தன் பெயராகச் சொல்வாராம். பெற்ற மக்களோடு பகை முற்றி மன்னன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது, ஆந்தையார் வருவார், அவருக்கும் இடம் வையுங்கள் என்றான். சொன்னபடி அவர் வந்தார், தாமும் வடக்கிருந்தார். பழகாமலும் நட்பு வரும் என்னும் குறளுக்குப் பரிமேலழகர் இந்த இருவரைத்தான் எடுத்துக்காட்டுகிறார்.

இதைச் சொல்லி ஆறுதல் தருகிறவர்களிடம் எனக்கு நன்றி உண்டு. ஆனால் புறநானூற்றில் இந்தப் பாடல்களை வரிசையாகப் படித்தால் என் நிலைக்கு அருகில் இருப்பவர் ஆந்தையார் இல்லை. பொத்தியார். அவர் மன்னனோடு நாளும் பழகியவர். கூடவே வடக்கிருக்க வந்தவரை மன்னன் தடுத்து, மகன் பிறந்த பிறகு வா என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பாராத ஆந்தையாருக்கு இடம் கிடைத்தது. பார்த்துப் பழகிய பொத்தியாருக்கு அன்று கிடைக்கவில்லை. மன்னன் இல்லாத உறையூருக்கு அவர் திரும்பி வந்தார். பல காலம் சோறிட்டு வளர்த்த யானையை இழந்த பாகன், வெறிச்சோடிய கட்டுத்தறியைக் கண்டு கலங்குவதைப் போல மன்னன் இல்லாத மன்றத்தைக் கண்டு அழுதேன் என்கிறார்.

என் இழப்பை நேராகச் சொன்னது அந்தப் பாடல்தான். அண்மைய மாற்றங்கள் என்றொரு பட்டியல் விக்கிமூலத்தில் உண்டு. யார் எந்தப் பக்கத்தை எத்தனை மணிக்குத் தொட்டார்கள் என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். விடிகாலை நேரத்தில் அவர் பெயர் வரிசையாக அதில் இறங்கும். இப்போது அந்த வேளையில் வேறு பெயர்கள் வருகின்றன. ஒன்றிரண்டு நாள் யாருமே வருவதில்லை. ஆந்தையார் கதையில் கடைசியில் சந்திப்பு இருக்கிறது. எங்களுக்கு அது வாய்க்கவில்லை, இனி வாய்க்காது. எங்களுக்கு இருந்தது ஒரு மன்றம். அதில் அவருடைய இடம் காலியாக இருக்கிறது.

*

‘நிஜமாகவே அவரை உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு நண்பர் அக்கறையோடுதான் கேட்டார்.

குரல் தெரியாது. உயரம் தெரியாது. சாப்பாட்டில் என்ன பிடிக்கும் என்று தெரியாது. ஆனால் சந்தேகம் வந்தால் அந்த மனிதர் என்ன செய்வார் என்று தெரியும். ஊகித்து நிரப்பமாட்டார், பக்கத்தை அப்படியே நிறுத்திவிட்டு மறுநாள் வருவார். தவறு கண்டால் எப்படிச் சொல்வார் என்று தெரியும். என் பக்கத்தில் பிழை இருந்தால் திருத்திவிட்டு, திருத்தச் சுருக்கத்தில் ‘ஒற்று’ என்று ஒரு சொல் மட்டும் எழுதுவார். புதிதாக வந்த கல்லூரிப் பிள்ளைகள் பக்கம் பக்கமாகத் தப்புச் செய்து குவித்தபோது, ஒருவரையும் கடிந்துகொள்ளாமல் ஒவ்வொரு பக்கமாக மறுபடி பார்த்தார். “ஆரம்பத்தில் கேலி புரூஃப் முழுக்க எனக்கும் சிவப்பு மைதான்” என்று அவர்களுக்கு எழுதினார். கடைசி மாதங்களில் பக்கங்கள் குறைந்தன. நடுவில் சில வாரங்கள் ஒன்றுமே இல்லை. பிறகு மூன்று, நான்கு என்று வந்தன. அப்போதும் ஒரு பக்கத்தைக்கூட அரைகுறையாகச் சேமிக்கவில்லை. உடம்பு முடியாத ஒருவர், யாரும் கேட்காத வேலையில், யாரும் பார்க்காத நேரத்தில் எவ்வளவு நேர்மையாக இருந்தார் என்று நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் இருபது வருடம் இருந்தாலும் இதைப் பார்க்கக் கிடைக்காது.

ஆகவே தெரியும். அந்தக் கேள்விக்கு என் பதில் அதுதான்.

*

இப்படிப் போனவர்கள் நிறையப் பேர். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு கல்யாணசுந்தரம் அதை ஒருங்கிணைத்தார். உலகத்தின் பல மூலைகளிலிருந்து தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். வேறெங்கோ இருந்தவர்கள் மெய்ப்பு பார்த்தார்கள். ஒவ்வொரு நூலின் தொடக்கத்திலும் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் சிலர் இன்று இல்லை. 2006-இல் அதிராம்பட்டினத்து உமர்தம்பி மறைந்தார். அவர் உருவாக்கிய ‘தேனீ’ எழுத்துருவில் படித்தும் எழுதியும் வந்தவர்களில் எத்தனையோ பேர் அவரை நேரில் கண்டதில்லை. நாம் இன்று செல்பேசியில் சாவகாசமாகத் தேடிப் படிக்கிற பழந்தமிழ் இப்படிப்பட்டவர்களின் ஓய்வு நேரத்தால் ஆனது. நூலைத் திறந்ததும் முன்பக்கத்து நன்றியுரையைத் தாண்டிப் போய்விடாமல் ஒருமுறை படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

காரியத்துக்குப் போகவில்லை. வாருங்கள் என்று அந்த வீட்டார் கூப்பிட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். அவர் இல்லாத அவர் வீட்டுக்கு முதல்முறையாகப் போக மனம் ஒப்பவில்லை. பதினாறாம் நாள் காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து, அவர் மஞ்சளாக்கி விட்டுப்போன கடைசி நூலைத் திறந்தேன். அவசரப்படாமல், படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் படித்தபடி, ஒவ்வொரு பக்கமாகப் பச்சையாக்கினேன். அவருடைய எழுத்தில் திருத்த எதுவும் இருக்காது என்று நினைத்தாலும் ஒரு வரியையும் தாண்டவில்லை. அவர் அப்படித்தான் எனக்குச் செய்தார். ஒரு பக்கத்தில் ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்துவிட்டு, சுருக்கத்தில் ‘ஒற்று’ என்று எழுதினேன்.

*

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பேரன் இரண்டு வரி எழுதியிராவிட்டால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அவர் எங்கேயோ அலுத்துப்போய் ஒதுங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, வருத்தத்தோடு, கொஞ்சம் கோபத்தோடும் இருந்திருப்பேன். தாத்தாவுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தவன் அந்தப் பையன்; அதனால்தான் எங்கே வந்து சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு கூட்டம் இருக்கும். சதுரங்கம் ஆடுகிறவர்களோ, விண்மீன் பார்க்கிறவர்களோ, ஒரே நோயோடு போராடுகிறவர்களோ, தினமும் நீங்கள் வருகிறீர்களா என்று பார்க்கிறவர்கள் இருப்பார்கள். கூகுளில் 2013 முதலும் பேஸ்புக்கில் 2015 முதலும், நமக்குப் பின் நம் கணக்கை யார் கவனிப்பது என்று குறித்துவைக்க வழி இருக்கிறது, அதைச் செய்யுங்கள். அதைவிட எளிதாக, ஒரு வெள்ளைத்தாளில் அந்த இடங்களின் பெயரையும், செய்தி சொல்ல வேண்டிய இரண்டு மூன்று பேரையும் எழுதி, பீரோவில் இன்சூரன்ஸ் பத்திரத்தோடு வைத்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அந்த இடத்தில் நீங்கள் எந்தப் பெயரில் இருக்கிறீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். பெரும்பாலும் வீட்டில் யாருக்கும் அது தெரியாது.